புரண்டு படுத்த பெருமாள்

மழையும் பஸ்ஸும் சேர்ந்து வந்தால் கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்தில் யாரும் யாருக்கும் உறவில்லை. அன்றைக்கு இரண்டும் சேர்ந்துதான் வந்தன. போதாக்குறைக்கு மறுநாள் அமாவாசை வேறு. திருவள்ளூர்க் குளத்தில் வெல்லம் கரைக்கப் போகிற கூட்டம் மொத்தமும் அந்த ஒரே பஸ்ஸில்தான் ஏறுவேன் என்று அடம்பிடித்தது.

செங்கமலவல்லி குடையைக் கைவிட்டாள். காகிதக் கட்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு எப்படியோ உள்ளே வந்து விழுந்தாள்.

அந்தக் கட்டுக்குள் இருந்தது அவள் கையால் செய்த புத்தகம். கோயில் குளத்துக் குட்டி மீன் ஒன்று பெருமாளைச் சேவிக்கக் கிளம்புகிற கதை. கதையும் அவளே, படமும் அவளே, அச்சாபீசும் அவளே... தரையில் ஒட்டுகிற லினோலியம் துண்டில் உளியால் செதுக்கி, மை உருட்டி, மேலே தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுத்த பக்கங்கள். வாரம் முழுக்க கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில் அவள் டிராயிங் டீச்சர். சனிக்கிழமை வந்தால் திருவள்ளூர் அப்பாவுக்குப் பெண்.

"குடு கண்ணு, மடியில வச்சிக்கிறேன்" என்று ஜன்னலோரத்து அம்மாள் கையை நீட்டினாள். நிற்கிறவர்களின் மூட்டையை உட்கார்ந்திருக்கிறவர்கள் வாங்கிக்கொள்வது வழக்கம்தானே... செங்கமலம் கொடுத்தாள்.

பக்கத்தில் இருந்த இளைஞன் சட்டென்று எழுந்தான்.

"குந்துங்க டீச்சர். எங்க லைன் ஊட்டுப் பசங்க எல்லாம் உங்க கையிலதான் படம் கத்துக்கினு கீறாங்க."

"பரவாயில்லை. நின்னுண்டே வரேன்."

அவன் நெடுநெடுவென்றிருந்தான். இரும்பாலைக் காக்கிச் சட்டை. ஆனால் கண்கள் மட்டும் ஆலையைச் சேர்ந்தவை அல்ல... வெயிலில் மின்னுகிற பழவேற்காட்டு ஏரித் தண்ணீரை யாரோ அள்ளி அங்கே விட்டிருந்தார்கள். செங்கமலம் அவசரமாக வெளியே பார்த்தாள். வெளியே மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பார்த்தாள்.

ஜன்னல் திரையின் ஓட்டை வழியாகக் கட்டின்மேல் தண்ணீர் சொட்டியது. "யம்மா, நனையுது பாரு!" என்று அவன் கட்டைப் பிரித்து, தன் துண்டால் பெருமாள் படம் இருந்த மேல்தாளை ஒற்றினான். ஒற்றிய கை நின்றது. உதடு ஓரமாகச் சிரித்தது.

"என்ன சிரிப்பு?" என்றாள் செங்கமலம்.

"ஒண்ணுமில்ல டீச்சர்..."

"சொல்லுங்கோ."

"இல்ல... பெருமாளு இன்னா, பொரண்டு படுத்துக்கினாரு?"

பஸ்ஸில் நாலு பேர் திரும்பினார்கள். செங்கமலத்தின் காது மடல் சிவந்தது.

"எங்காத்துல நாலு தலைமுறையா அந்தக் கோயில்ல கைங்கர்யம். பெருமாள் எந்தப் பக்கம் சயனிச்சிருக்கார்னு எனக்கு நீங்க சொல்ல வேண்டாம்!"

"சரிங்க டீச்சர். நாங்க அமாவாசைக்கு அமாவாசை வர்ற ஆளுங்க. எங்களுக்கு இன்னா தெரியும்..." என்று அவன் பணிவாகச் சொன்னான். கண் மட்டும் பணியவில்லை.

"திருமலை! வாய வச்சிக்கினு சும்மா இரேண்டா!" என்று அந்த அம்மாள், அவன் தாய் கோவிந்தம்மா, அதட்டினாள். திருவள்ளூர் வரும்வரை செங்கமலம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்குத்தான் எவ்வளவு பிரயத்தனம்...

மறுநாள் காலை முதல் வேலையாகக் கோயிலுக்கு ஓடினாள்.

திரை விலகியது. பெருமாள் ஆதிசேஷன்மேல் நிம்மதியாகச் சயனித்திருந்தார். வலது திருக்கரம் பக்கத்தில் இருக்கிற ரிஷியின் தலைமேல். அவள் செதுக்கிய படத்தில்... இடது கரம். தலைமாடு இருக்க வேண்டிய இடத்தில் திருவடி!

அவளுக்குப் புரிந்துவிட்டது. அச்சில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பி விழும். அதனால் அச்சுக் கட்டையில் எழுத்தைத் திருப்பித்தான் செதுக்க வேண்டும். அதில் அவள் கை தவறவே தவறாது. படத்துக்கு மட்டும், வரைந்த தாளைக் கவிழ்த்துப் போட்டுப் படியெடுக்க மறந்திருந்தாள். மற்றப் பக்கங்களில் மீன் இந்தப் பக்கம் நீந்தினால் என்ன, அந்தப் பக்கம் நீந்தினால் என்ன? பெருமாள் அப்படியா? பிறந்ததிலிருந்து தினம் சேவித்தவள்! அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

வெளியே குளப்படியில் கோவிந்தம்மா முழங்கால் வலிக்காக வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திருமலை. செங்கமலத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தான். ஒரு புருவத்தை மட்டும் லேசாகத் தூக்கினான்.

செங்கமலம் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். 'நீங்க சொன்னது சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவாள்? ஆமாம், குறைந்துபோய்விடுவாள். அப்படித்தான் தோன்றியது.

வீட்டில் அப்பா கிருஷ்ணஸ்வாமி காத்திருந்தார்.

"டெல்லிக்காரா மறுபடியும் எழுதியிருக்கா. பையனுக்கு நல்ல உத்தியோகம். புஸ்தகம் முடியட்டும், அப்புறம் பதில் சொல்றேன்னு நீதானே சொன்னே... முடிஞ்சுதா அம்மா?"

"இன்னும் ஒரு பக்கம் பாக்கிப்பா."

"போன வாரம் முடிஞ்சுடுத்துன்னியே?"

"சரியா வரலை. திரும்பச் செதுக்கணும்."

"செதுக்கு. ஆனா முடிஞ்ச அன்னிக்குப் பதில் சொல்லிடணும். உன் வாயால சரின்னு வராம நான் தட்டு மாத்த மாட்டேன்."

அறைக்குள் போனதும் செங்கமலத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. மானம் போன பக்கம் அது. அதை நினைத்து மனசு ஏன் இப்படி லேசாகிறது? டெல்லிக்குப் போனால் பள்ளிக்கூடம் இல்லை, உளி இல்லை, மை இல்லை... அதனால்தான். வேறு எதனாலும் இல்லை. இல்லவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். ஆலைத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு அவள் இலவசமாகப் படம் சொல்லிக்கொடுக்கிற நேரம். வாசலில் நிழல் விழுந்தது. கையில் சுருட்டிய லினோலியத்தோடு திருமலை நின்றான்.

"ஆபீஸ் ரூமுக்குத் தரை போட்டது போக மிச்சம் டீச்சர். கேட்டு வாங்கினு வந்தேன். ஒதவுமா?"

"எதுக்கு?"

"நீங்கதான் சொல்லணும். மறுபடியும் எதுனா... செதுக்கற மாதிரி இருந்தா..."

"புதுசா ஒரு பக்கம் சேர்க்கறேன். அவ்வளவுதான்."

"ஓ... புதுப் பக்கமா..." என்றான் திருமலை, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற பவ்யத்தோடு. "எனக்கும் கத்துக் குடுப்பீங்களா?"

அவள் முறைத்தாள். ஆனால் ஒரு சின்ன உளியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

அதன்பிறகு ஷிப்ட் முடிந்த சாயங்காலமெல்லாம் அவன் வந்தான். முதல் நாளே கட்டை விரலைக் கீறிக்கொண்டான். "இரும்பு அறுக்கறவன் கையி... இந்தத் துண்டுக்கிட்ட தோத்துப்புட்டனே" என்று அவன் விரலை உதற, குழந்தைகள் சிரித்தன. மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு படகு செதுக்கினான், கொக்கு செதுக்கினான். அவள் குனிந்து திருத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் விரலெல்லாம் மை. கண்ணுக்கு மட்டும் மை தீட்ட மாட்டாள். அந்தக் கண்ணுக்கு அது வேண்டியும் இருக்கவில்லை என்று திருமலை நினைத்தான். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

கூரையில் மழை... எண்ணெய் மை வாசனை... குழந்தைகள் போனபிறகும் நாலு வார்த்தை நீளுகிற பேச்சு... செங்கமலத்துக்கு நாட்கள் கனவுபோல நழுவின. பெருமாள் இந்த முறை சரியான பக்கம் சயனித்தார். ரிஷியும் தயார். ஆதிசேஷன்தான் முடிவேனா என்றார்.

"இன்னா டீச்சர், பாம்புக்கு இன்னும் எத்தினி செதிலு?" என்று ஒருநாள் திருமலை கேட்டான். "நானும் தெனம் பாக்கறேன். ஒரு செதிலு செதுக்கறீங்க, எழுந்து போயி தண்ணி குடிக்கறீங்க. குடுங்க, நான் கொஞ்சம் போட்டுத் தர்றேன். நாளைக்கே முடிஞ்சிரும்."

"முடிக்க வேண்டாம்!"

குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது. திருமலை திகைத்துப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் முடிஞ்சா புஸ்தகம் முடியும்" என்றாள் அவள், கட்டையைப் பார்த்துக்கொண்டே. "புஸ்தகம் முடிஞ்சா அப்பாவுக்குப் பதில் சொல்லணும். டெல்லியில ஒரு வரன்..."

திருமலை ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தான்.

'ஏதாவது சொல்லேன்... ஒரே ஒரு வார்த்தை சொல்லேன்...' என்று அவள் மனசு கெஞ்சியது.

"நல்ல எடம்தான டீச்சர்" என்றான் திருமலை. சட்டையை உதறிக்கொண்டு எழுந்தான். "நீங்க கோயிலு ஊட்டுப் பொண்ணு. நான் ஏரியில வல இழுக்கறவன் புள்ள. சொம்மா வந்து குந்திக்கினு உங்க வேலையக் கெடுத்துட்டேன். வரேங்க."

போனவன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் மூன்றாம் பெஞ்சு காலியாகவே கிடந்தது. ஆள் அனுப்பிக் கேட்கலாம்... எதற்குக் கேட்க வேண்டும்? போகச் சொன்னது யார்? அவளா? வீம்பு வந்தது, கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஆதிசேஷனின் மிச்சச் செதில்கள் ஒரே மூச்சில் முடிந்தன. மை உருட்டினாள். கரண்டியால் தேய்த்துத் தாளை உரித்தாள். பெருமாள் அச்சு அசலாக வந்திருந்தார். இவ்வளவு நன்றாக வந்த பக்கத்தைப் பார்த்து அழுத டிராயிங் டீச்சர் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அடுத்த அமாவாசைக்கு முந்தின சாயங்காலம். அதே பஸ் நிலையம், அதே மழை. புத்தகம் தைத்து, அட்டை போட்டு, கட்டாகிவிட்டது. இன்று அப்பாவிடம் கொடுக்க வேண்டும். பதிலையும் கூடவே கொடுக்க வேண்டும்.

"டீச்சர்..."

திரும்பாமலே தெரிந்தது. கோவிந்தம்மா ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். கீழே மழையில் திருமலை நின்றான். இளைத்திருந்தான்.

"அம்மாவ ஏத்திவுட வந்தேன். உங்க உளி ஒண்ணு என்கிட்டயே தங்கிப்போச்சு. அதான் குடுத்துட்டுப் போலாம்னு..."

உளியோடு செய்தித்தாளில் சுற்றிய ஒரு துண்டையும் நீட்டினான்.

"இது?"

"கல்யாணத்துக்கு என்னோட மொய்யி. நானே செதுக்கினேன். இப்ப பாத்தா ஒண்ணும் வெளங்காது. டெல்லிக்குப் போயி, மை போட்டு அச்செடுத்துப் பாருங்க. அப்பத்தான் தெரியும்."

அவள் அங்கேயே தாளைப் பிரித்தாள். விரல் அகல லினோலியம். இடம் வலம் மாறிய எழுத்துகள் சற்றே கோணலாக வரிசையில் நின்றன. மற்றவர்களுக்கு அது வெறும் கிறுக்கல். ஆனால் எழுத்தை அப்படித் திருப்பியே பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு...

"போவாதீங்க டீச்சர்" என்று படித்தாள் செங்கமலம். சத்தமாகவே படித்தாள்.

திருமலைக்கு முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "மை... மை போடாமயே எப்பிடி...?"

"உங்களுக்குக் கத்துக் குடுத்ததே நான்தானே? வருஷக்கணக்கா நான் எழுத்தை இப்படித்தான் படிக்கறேன்."

"ஐயோ... நீங்க டெல்லிக்குப் போனப்புறம் தெரிஞ்சா போதும்னு இருந்தேன்..."

"டெல்லிக்குப் போனப்புறம் 'போவாதீங்க'ன்னு தெரிஞ்சு எனக்கு என்ன பிரயோஜனம்?"

கேட்கும்போதே குரல் உடைந்தது. மழையா கண்ணீரா என்று பிரிக்க முடியாமல் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. திருமலை துண்டை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவளே வாங்கிக்கொண்டாள்.

"நீங்க சொன்னது சரி" என்றாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். பெருமாள் புரண்டுதான் படுத்திருந்தார். அதை ஒத்துக்க முடியாம வீம்பு பண்ணினேன். அப்புறம் பாம்புக்குச் செதில் செதில்னு போட்டது எதுக்குன்னு நினைச்சேள்? பக்கம் முடிஞ்சா நீங்க வர மாட்டேளேன்னுதான்..."

"டீச்சர்..."

"செங்கமலம்னு கூப்பிடுங்கோ."

  அந்த ஏரித் தண்ணீர்க் கண்கள் தளும்பின.

"உங்க ஊட்ல..." என்றான் மெதுவாக. "உங்கப்பா ஒத்துக்குவாரா? லேசுல ஆவற காரியமா இது?"

"பெருமாளையே புரட்டிப் படுக்க வெச்சு, மறுபடி நேராவும் படுக்க வெச்சேன். எங்கப்பா மனசைத் திருப்பக் கொஞ்ச நாளாகும். ஆகட்டுமே. பதில் என் வாயாலதான் வரணும்னு அவரே சொல்லியிருக்கார். இன்னிக்கே சொல்லப்போறேன்... டெல்லி வேண்டாம்னு."

கண்டக்டர் விசில் ஊதினார். ஜன்னலிலிருந்து கோவிந்தம்மா எட்டிப் பார்த்தாள். எவ்வளவு கேட்டாளோ, எப்போதிலிருந்து கேட்டாளோ...

"அடேய், பேசிக்கினே நின்னா பொண்ணு கையில கீற பொஸ்தகம் நனைஞ்சி இன்னாத்துக்கு ஆவும்? ஏறுங்க ரெண்டு பேரும்!"

அவன் முதலில் ஏறினான். தாயின் பக்கத்தில் இருந்த இடத்தை அவளுக்குக் காட்டினான். இந்தத் தடவை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூச்சத்தோடு உட்கார்ந்து, கட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூடிய கைக்குள் அந்தக் குட்டி லினோலியம் துண்டு பத்திரமாக இருந்தது. அதற்கு மை போட வேண்டிய அவசியமே இல்லை.