மெஷினுக்குக் கொடுத்த மூச்சு

அன்று மகள் குறட்டை விடவில்லை. சலவைப் பொடி மணக்கும் போர்வைக்குள்ளிருந்து பழைய மிக்ஸி போல உறுமி, திடீரென்று நின்று, பெற்ற வயிறு பதறப் பதறக் காக்கவைத்து, ஒரு திணறலோடு மறுபடி கிளம்பும் அந்தச் சத்தத்துக்காக அம்மா அவள் பக்கத்தில் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஃபேன் சுற்றியது. குளியலறைக் குழாய் சொட்டியது. குழந்தை சீராக, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி மூச்சு விட்டது.

"பாத்தியா?" என்றான் கணவன், கதவருகே நின்று. "டெஸ்ட்டுல ஒண்ணுமில்லன்னு வந்துச்சு, குறட்டையும் போச்சு. மெஷின உனக்கு மாட்டியிருந்தா வெடிச்சிருக்கும். தூக்கத்துல மூச்சு நிக்கிறதுல நீதானே பெரிய ஆளு!"

அவள் சிரித்துவைத்தாள். முகம் எரிந்தது. அவன் விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் படுக்கப் போனான்.

டெஸ்ட் எடுத்த ராத்திரி மெஷினை அவள்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க மருத்துவமனை கொடுத்தனுப்பியது அது. நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். மகள் எல்லாவற்றையும் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். இவள் பொறுமை போய் அந்தச் சின்னக் கையில் ஓர் அடி வைத்தாள். அழுது தூங்கியவளை மறுபடி தொட மனம் வரவில்லை. எதுவும் பதிவாகாத மெஷினைத் திருப்பிக் கொடுத்தால், ஒரு பிள்ளையைச் சமாளிக்கத் துப்பில்லையா என்று பார்ப்பார்களே! பெல்ட்டைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு, விடியும்வரை கண்ணை மூடாமல் கிடந்தாள்.

"பாப்பா நல்லா மூச்சு விடறா மேடம். ஆபரேஷனெல்லாம் வேண்டாம்," என்றாள் முடிவு வந்த அன்று மருத்துவமனையிலிருந்து போனில் பேசிய பெண்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க," என்றாள் இவள். இப்போது நினைத்தாலே உடம்பு கூசியது.

பெருமூச்சு விட்டாள். பக்கத்தில் குழந்தையும் பெருமூச்சு விட்டது.

தற்செயல்தான். ஆனாலும் மூச்சை இழுத்து நிறுத்திப் பார்த்தாள். போர்வை அசையவில்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. விட்டாள். போர்வை தாழ்ந்தது. வேகமாக இழுத்தாள். அதே வேகத்தில் போர்வை எழுந்தது.

மகளின் சட்டையைத் தூக்கினாள். நெஞ்சைச் சுற்றி, இறுக்கிக் கட்டிய பெல்ட்டின் சிவந்த தடம். அவள் கட்டவே விடவில்லையே!

"ஏங்க..."

பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அவனை எழுப்பினால் முதலில் அதைச் சொல்லவேண்டும். மருத்துவமனையை ஏமாற்றியதை. அடித்ததை. இப்படியும் ஒரு அம்மாவா என்று அவன் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தாள்.

விடியட்டும். சொல்லிவிடலாம். அதுவரை தூங்கக் கூடாது. அவ்வளவுதானே.

எழுந்து உட்கார்ந்தாள். தொடையைக் கிள்ளிக்கொண்டாள். இழுத்தாள். விட்டாள். இழுத்தாள். கண் எரிந்தது. ஃபேன். குழாய். ஃபேன்.

தலை சாய்ந்தது.

முழித்தபோது நிசப்தம். தொண்டை அடைத்து, தன் மூச்சு நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக? தெரியவில்லை.

மகள் தூங்கவில்லை. முகத்துக்கு நேரே முகம். உதடு கறுத்து, வாய் திறந்து, கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், அம்மா எப்போது மூச்சு விடுவாள் என்று.