எமல்டாவின் எழுபத்திரண்டு

வேலைக்குக் கிளம்பும்போது எமல்டா கதவருகே இருக்கும் பலகையில் கட்டைவிரலை வைப்பாள். ஒரு மணிச்சத்தம் கேட்கும், மனவெண் பதிவாகிவிடும். நேற்று எப்படி இருந்தாய் என்று கதவு தினமும் கேட்கிறது. பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவே சின்னச் சக்கரத்தைத் திருகிப் பதில் சொல்ல வேண்டும். சக்கரம் முந்தைய நாள் விட்ட இடத்திலேயே நிற்கும் என்பதால் அவளைப் போன்ற அவசரக்காரர்கள் திருகுவதே இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் மேடைக்குப் போகும் படகு யாருக்காகவும் காத்திருக்காது.

அவள் கணவன் ரெமிஜியுஸ் அப்படியில்லை. தன் சக்கரத்தின் முன் வெகுநேரம் நின்று, ஒரு புள்ளி ஏற்றி, ஒரு புள்ளி இறக்கி, பிறகுதான் விரலை வைப்பான். என்ன எண் என்று அவள் கேட்டதில்லை. அடுத்தவர் மனவெண்ணை விசாரிப்பது தூத்துக்குடியின் கடற்கோபுரக் குடியிருப்புகளில் மரியாதைக் குறைவு, கட்டிய மனைவியானாலும் சரி.

அன்று படகில் ஏறி உட்காரும்போதே மணிக்கட்டுத் திரையில் செய்தி வந்தது. ஆண்டு இணக்கச் சோதனையில் அவர்கள் வீட்டின் இரண்டு மனவெண் சராசரிகளும் மெய்யாகவே வேறுபடுகின்றனவாம். ஒருவருக்கு வடக்குக் கோபுரத்தில் தனி வீடு ஒதுக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் இருவரும் ஒப்பீட்டு நிலையத்துக்கு நேரில் வரவும்.

எமல்டா அதை மறுபடி படித்தாள். சட்டம் நல்லெண்ணத்தில் வந்ததுதான். ஒரே கூரையின் கீழ் ஒருவர் சிரிக்க, இன்னொருவர் உள்ளுக்குள் புழுங்கக் கூடாது என்று போட்ட சட்டம். ஆனால் புழுங்குவது யார்? அவள் இல்லை. அப்படியானால் அவனா? பிரிய வேண்டும் என்ற நினைப்பைவிட அந்தக் கேள்விதான் அவளை அதிகம் குடைந்தது.

அன்று மாலையே இருவரும் போனார்கள். நிலையத்து அலுவலர் ஜுலைகா சின்ன வயதுக்காரி, தன் வேலைமேல் கொள்ளைப் பிரியம் உள்ளவள்.

"சராசரிகளச் சும்மா கழிச்சுப் பாத்து முடிவு சொல்ல மாட்டோம்க்கா," என்றாள். "அந்த வித்தியாசம், எண் நாளுக்கு நாள் ஆடுற ஆட்டத்தவிடப் பெருசா இருக்கான்னு வகுத்துப் பாப்போம். ரொம்ப ஆடுற எண்ணுன்னா தற்செயலாக்கூட வந்திருக்கலாம். ஆடாத எண்ணுல சின்ன வித்தியாசமும் மெய்தான். இதுதான் டி-சோதனை. உங்க ரெண்டு பேரு எண்ணும் அதிகமா ஆடல. உங்களுக்கு எழுபத்திரண்டு, அண்ணாச்சிக்குப் பன்னெண்டு."

பன்னிரண்டா? எமல்டா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடமும் பன்னிரண்டோடா இந்த மனிதன் தனக்கு மீன் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்?

"அவ்வளவு கஷ்டமா ஒங்களுக்கு?" என்றாள்.

"எனக்கென்ன கஷ்டம்?" ரெமிஜியுஸ் நிஜமாகவே திகைத்தான். "நல்லா இருக்கோம்னு தினம் பதிஞ்சு வச்சா கண்ணு பட்டுரும்லா? அதான் கம்மியா வைக்கது."

ஜுலைகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எமல்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனாலும் கணினியிடம் போய்க் கண் பட்ட கதையைச் சொல்ல முடியாதே. அவள் யோசித்தாள். அவளுக்கு ஒரு வாரம் பகல் பணி. மறு வாரம் மேடையிலேயே தங்கல். அங்கும் ஒரு பலகை உண்டு.

"அவுகள எங்கூட ஒப்பிடாதம்மா," என்றாள். "அவுகள அவுககூடவே ஒப்பிடு. நான் வீட்டுல இருந்த நாளெல்லாம் ஒரு குழு. இல்லாத நாளெல்லாம் இன்னொண்ணு. அப்படிப் பாக்கலாமா?"

ஜுலைகாவின் கண்கள் விரிந்தன. "பேஷாப் பாக்கலாம்!"

திரை ஒரு கணம் மங்கித் தெளிந்தது. "நீங்க இருந்தா பதினாலு. இல்லன்னா பத்து."

"நாலுதானா?" எமல்டாவின் குரல் இறங்கிவிட்டது.

"நாலுதானான்னு கேக்கீங்களே! ஒரு புள்ளி ஏத்தவே பயப்படுற மனுசன்க்கா. இது தற்செயல்னு சொல்லவே முடியாது. உங்கள அவருகிட்ட இருந்து பிரிச்சா சட்டப்படி தப்பு."

ரெமிஜியுஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது. எமல்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"உங்களுக்கும் அதே மாதிரி பாத்துரலாமாக்கா? ரெண்டு பேருக்கும் பாத்தாத்தான் உத்தரவ ரத்து செய்ய முடியும்."

"பாரேன்," என்றாள் எமல்டா, துளியும் சந்தேகமில்லாமல்.

இம்முறை திரை மங்கியது மங்கியபடியே நின்றது. ஜுலைகா இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சோதனையே ஓட மாட்டேங்குதுக்கா. ரெண்டு குழுவும் எழுபத்திரண்டு. வருசத்துல ஒரு நாள்கூட ஆடல. வித்தியாசமும் பூஜ்யம், ஆட்டமும் பூஜ்யம். எத எதால வகுக்க?"

எமல்டாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, கணவன் தன்னைப் பார்த்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. அவன் பார்த்தான்.

"ஒரு மாசம் தவணை போடுதேன்," என்றாள் ஜுலைகா மெதுவாக. "தினம் திருகி வைங்கக்கா. என்ன வந்தாலும் சரி."

மறுநாள் காலை எமல்டா பலகை முன் நின்றாள். சக்கரம் எழுபத்திரண்டில் இருந்தது. வைக்கப்போன விரலை எடுத்துக்கொண்டாள். நேற்று எப்படி இருந்தேன்? பதில் எங்கிருந்து வரும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. சக்கரத்தை நாற்பதுவரை இறக்கினாள். அது நேற்றைய வெட்கம். ஐம்பத்தைந்துக்கு ஏற்றினாள். அது அவன் காது சிவந்தது. இன்னும் ஏற்றலாமா என்று தெரியாமல் நிறுத்தினாள்.

கீழே படகு ஊதியது.

"ஏ, படகு போயிரும்லா," என்றான் ரெமிஜியுஸ் பின்னாலிருந்து.

"போகட்டும்," என்றாள் எமல்டா. "நீங்க கொஞ்சம் பக்கத்துல வந்து நில்லுங்க."