எஃப் நைனை ஊமையாக்கியவன்

மனிதனுக்கு வரும் தொல்லைகள் அத்தனையும் ஏதோ ஒரு தேவையில்லாத கீயிலிருந்துதான் வருகின்றன. அந்தக் கீயை மட்டும் செயலிழக்கச் செய்துவிட்டால் உலகத்தில் அழுகுரலே கேட்காது. ஓடைப்பட்டி திராட்சைக் குளிர்பதனக் கிடங்கின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அஜய்குமார் இதை டீக்கடையில் வைத்து, சிரிக்காமல், பல முறை சொல்லியிருக்கிறான். கேட்டவர்களும் சிரிக்கவில்லை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, கீபோர்டின் மேல் வரிசையில் எஃப் நைன் மட்டும் மற்ற கீகளைவிட ஒரு நெல்மணி அளவு தாழ்ந்திருந்தது. நகத்தால் நெம்பினான். எழுந்தது. திரும்பப் பார்த்தபோது மறுபடி தாழ்ந்திருந்தது.

எஃப் நைனுக்கு ஒரு வரலாறு உண்டு. குளிர் அறைக்குள் ஆள் சிக்கிக்கொண்டால் அமுக்க ஒரு அலாரம் வாங்குவதாக முதலாளி மூன்று அறுவடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அஜய்தான் உள்ளே ஒரு காலிங்பெல் பட்டனை வைத்து, அதன் வயரைக் கீபோர்டைப் பிரித்து எஃப் நைனுக்கு அடியில் பற்றவைத்தான். உள்ளே அமுக்கினால் ஆபீஸ் கம்ப்யூட்டர் அலறும். திரையில் ‘உள்ளே ஆள்’ என்று நேரத்தோடு ஒரு பெட்டி திறக்கும். பெட்டி அடுக்கும் வீரணன் கைதட்டிப் பாராட்டினார்.

ஆனால் குளிரில் பட்டனுக்குள் நீர் கோத்தது. ஆளே இல்லாதபோதும் அலறியது. பில் போடும்போது அலறியது. கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் அலறியது. இரண்டு நிமிட வேலை. எஃப் நைனை எதுவும் செய்யாத கீயாக மாற்றி வைத்தான். பட்டனைக் கழற்றித் துடைப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வீரணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அறைக் கதவைச் சாத்துமுன் மூன்று தட்டுத் தட்டி, “உள்ள ஆள் இருக்கா?” என்று கேட்பார். காலி அறை என்று தெரிந்தாலும் கேட்பார்.

“திராட்சை பதில் சொல்லுதாண்ணே?” என்பான் அஜய்.

“ஏலே, கேக்குறது நம்ம கடமை. பதிலு வராம இருக்குறது நம்ம அதிர்ஷ்டம்.”

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வீரணன் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மேட்ச் தொடங்கிவிட்டதென்று கதவை ஒரே தள்ளாகத் தள்ளிச் சாத்தியவன் அஜய். தட்டவில்லை. கதவின் உள்கைப்பிடி உடைந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எட்டு மணி வரை பத்தடி தள்ளி, ஆபீசிலேயே உட்கார்ந்து மேட்ச் பார்த்தான். எந்தத் தொல்லையும் இல்லை. திங்கட்கிழமை காலை திறந்தார்கள். பட்டனின் விளிம்பில் உடைந்த நகம் ஒன்று ஒட்டியிருந்ததை அஜய் மட்டும் பார்த்தான். சட்டைக் கையால் துடைத்தான். ஈரத்தில் பட்டன் கெட்டிருக்குமா, அல்லது மனுஷன் அமுக்கவே இல்லையா என்று எல்லோரும் பேசியபோது தலையைத் தலையை ஆட்டினான். பட்டனையும் வயரையும் எலெக்ட்ரீஷியன் அறுத்து எடுத்துப் போனார். எஃப் நைன் மட்டும் ஊமையாகவே இருந்தது. அதைச் சரிசெய்யப் போனால், ஊமையாக்கியது நினைவுக்கு வரும்.

“தம்பி.”

வாசலில் அய்யம்மாள் நின்றாள். வீரணனின் மனைவி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவருடைய தூக்குவாளியை வாங்கிப் போக வந்திருந்தாள். மழையில் சேலை நனைந்து ஒட்டியிருந்தது.

“கொமுளிக்கு லோடு லாரியோட போயிருப்பாகன்னு ரெண்டு நாளா சும்மா இருந்துட்டேன் தம்பி.” மூலையில் இருந்த வாளியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவுக பட்டன அமுக்குனாகளா?”

அஜய் ஒரு பில் புத்தகத்தை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தான்.

“இல்லக்கா. மயங்கி விழுந்துருப்பாக.”

“அமுக்கிருந்தா ஒங்களுக்குக் கேட்டிருக்கும்ல?”

“கேட்டிருக்கும்க்கா.”

“போதும் சாமி. அமுக்கிட்டு, இந்தா வந்துருவாக வந்துருவாகன்னு காத்துக் கெடந்தாகளோன்னுதான் கண்ண மூட முடியல.” மூக்கைத் துடைத்தாள். “அந்த எடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டுமா?”

“கதவு தெறந்துதான் கெடக்கு. பாத்துட்டு அப்படியே கெளம்புங்கக்கா.” முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

கால் மணி நேரம் கழித்து எழுந்து போனான். லோடுமேன்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். அறைக் கதவு வழியாகக் குளிர் புகைபோல் வீணாகிக்கொண்டிருந்தது. அய்யம்மாளைக் காணவில்லை. போயிருப்பாள். காலால் ஒரு தள்ளு. ரப்பர் விளிம்பு ‘ப்ச்’ என்று ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, தகரக் கூரையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்ரசரின் ஓயாத உறுமலோடு, திராட்சைப் பெட்டிகளில் வைக்கும் கந்தக அட்டையின் காரநெடி, கதவு சாத்தியிருந்தும், என்றைக்கும் இல்லாத அடர்த்தியில் ஆபீசுக்குள் வந்து மூக்கை அறுத்தது.

பில் புத்தகம் அசைந்தது.

எடுத்தான். எஃப் நைன் அமுங்கியது. எழுந்தது. மூன்று முறை. நின்றது. மறுபடி மூன்று முறை. வயர் இருந்தாலும் அதில் கரண்ட்தான் வரும்; பிளாஸ்டிக் கீயைக் கீழே அமுக்க ஒரு விரல் வேண்டும். இதற்கு பி.எஸ்ஸி. தேவையில்லை.

கீபோர்டின் இணைப்பைப் பிடுங்கினான். அமுங்கியது. ஸ்க்ரூடிரைவரால் கீயை நெம்பிக் கழற்றி, மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான்.

டிராயருக்குள் டக். டக். டக்.

கீபோர்டில் பல் விழுந்த ஓட்டை. அதன் விளிம்பில் உறைபனி.

காதைப் பொத்திக்கொண்டான். எவ்வளவு நேரமோ. ஜன்னல் இருண்டது. கையை எடுத்தபோது சத்தம் மெதுவாகியிருந்தது. இடைவெளி நீண்டிருந்தது. டக். வெகுநேரம் கழித்து, டக். அதுதான் தாங்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமையும் இப்படித்தான் மெதுவாகியிருக்கும்.

“அண்ணே, எடுத்துர்றேன்ணே. எடுத்துர்றேன்.”

கீபோர்டை மாட்டினான். எஃப் நைனுக்குப் போட்ட தடையை அழித்தான். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான்.

அலறியது.

‘உள்ளே ஆள்.’ சனி, மாலை 6.12. அதன் மேல் இன்னொரு பெட்டி. சனி, 6.13. இன்னொன்று. 6.13. 6.14. திரை நிறைந்தது. 7.40. 7.58. நள்ளிரவு. ஞாயிறு விடியற்காலை. ஞாயிறு, 9.05. அதோடு நின்றது.

அப்பாடா என்று மூச்சு விடுமுன் மறுபடி திறந்தது.

‘உள்ளே ஆள்.’ வெள்ளி, மாலை 4.36.

வெள்ளி. இன்று.

4.37. 4.37. 4.38.

ஓடினான். அறைக் கதவுக்கு ஓரமாக, அப்போது அவன் கண்ணில் படாத ஒரு ஜோடிச் செருப்பு. சின்னது. ஈரம் காயாதது.

கைப்பிடியைப் பிடித்தான். கை திறக்கவில்லை. உள்ளே யார் யார் இருப்பார்கள் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

விரலை மடக்கினான். மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், மூன்று தட்டு.

“உள்ள... ஆள் இருக்கா?”

மழை. கம்ப்ரசர். பதில் இல்லை. அதிர்ஷ்டம்.

பிறகு கதவின் மேல்பாகத்தில், ஆள் உயரத்தில், அகலமான உள்ளங்கை ஒன்று தட்டியது. மூன்று முறை.

கொஞ்சம் பொறுத்து, கீழே, தரையை ஒட்டி, தெம்பில்லாமல், தூக்குவாளி.