நிமிர்ந்த வாசல்

பூட்டிக் கிடந்த மூன்றாவது வீட்டு வாசலில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டதும், நோர்தென் தேர்வுத்தாளிலிருந்து கண்ணை எடுத்தான். மதியம் இரண்டு மணிதான். ஆனால் பூட்டானின் மலையூரான லாயாவில் மூடுபனி இறங்கிவிட்டால் மதியமும் இல்லை, மாலையும் இல்லை. அடுப்புப் புகை, ஈரக் கம்பளி நாற்றம், எங்கோ ஒரு யாக் எருமையின் கழுத்துமணி, அவ்வளவுதான் உலகம். பாதி ஊர் குளிருக்குப் பயந்து கீழே இறங்கிப் போயிருந்தது.

அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும். நகரத்து மாடி வீட்டில் வளர்ந்தவன் இங்கே வாத்தியாராக வந்த முதல் வாரம் முழுக்க, இந்த ஊரின் தாழ்ந்த வாசல் நிலைகளில் அவன் நெற்றி இடித்த சத்தம் அது. வெறுத்துப்போய்த் தன் வாசல் நிலையை அறுத்து உயர்த்திவிட்டான். அடுத்த வீட்டுக் கெசங் ஓம் அன்றே இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் வாத்தியாரே, கொஞ்சம் குனிஞ்சா மகுடம் கீழ விழுந்துடுமா? எந்திரிச்சு நடக்கிற பொணத்துக்கு முதுகு வளையாது. அது கை நம்ம தலையில பட்டா நாமளும் அப்படியே ஆயிடுவோம். அதுக்குத்தானே வாசலைத் தாழ்வா வெச்சிருக்கோம்!"

அவன் சிரித்தான். அதன்பிறகு மூன்று மாதமாக அவன் வீட்டுக்குள் ஒருவரும் கால் வைக்கவில்லை. டீ குடிக்கக் கூப்பிட்டால் வெளியிலேயே நின்று, ஊர் மரியாதைப்படி வாயைப் பொத்திக்கொண்டு மறுத்துவிட்டுப் போனார்கள். சில நாள் அடுப்போடு பேசிக்கொண்டிருந்தான்.

டொக். இரண்டாவது வீடு.

ஜன்னலைத் திறந்தான். எதிர் ஜன்னலில் கெசங் ஓம், முகம் வெளிறிப்போய்.

"வாத்தியாரே, எங்க மாமனாரைப் பாத்தீங்களா?"

மாமனார் செத்து நான்கு நாள். எரிக்க அடுத்த வாரம்தான் நல்ல நாள் என்று ஜோசியர் சொன்னதால், மடக்கிக் கட்டி, வெளிக் கொட்டகையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

"கயிறு மட்டும்தான் கெடக்கு. நீங்க இங்க ஓடியாந்துடுங்க! சீக்கிரம்!"

டொக். அவள் வாசலில். ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

நோர்தென் கதவைத் தள்ளிச் சாத்தினான். தாழ்ப்பாள் பழைய நிலையோடு போயிருந்தது. மேசையை இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டினான். பனியில் ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி. மடங்காத கால். தன் வாசலிலும் அந்தச் சத்தம் கேட்டுவிட வேண்டும் என்று அவன் ஏங்கினான்.

கேட்கவில்லை.

மேசை மெதுவாக நகர்ந்தது. நிமிர்ந்தபடியே கிழவர் உள்ளே வந்தார். வளையாத கை நேராக உயர்ந்தது. லாமா ஆசி தருவதுபோல அவன் உச்சந்தலையில் இறங்கியது. குளிர். மூன்று மாதத்தில் அவனைத் தொட்ட முதல் கை. அழுகை வந்தது.

கண்ணை மூடப் பார்த்தான்.

இமை மடங்கவில்லை.