ஆற்றில் கிடந்த கார்டு

மூன்று நாள் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தும் அந்த மெமரி கார்டு காயவில்லை. வேணி டப்பாவைத் திறந்தபோது மேலே இருந்த அரிசி காய்ந்துதான் கிடந்தது. கார்டைச் சுற்றி இருந்தது மட்டும் ஊறிப் பருத்து, ஆற்றுப்பாசி வாடை அடித்தது. புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். ஓரத்தில் மறுபடியும் ஒரு சொட்டு துளிர்த்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஸ்டூடியோவை இப்போது அவள்தான் நடத்துகிறாள். போன ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில், புது ஜோடி ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்த அவள் புருஷன் நவநீதன், படி வழுக்கிக் காமிராவோடு வெள்ளத்தில் போனான். உடம்பு கிடைக்கவே இல்லை. உறவுக்காரர்கள் எவ்வளவு சொல்லியும் வேணி தாலியைக் கழற்றவில்லை. இந்தச் சித்திரையில் ஆறு வற்றியதும் மீன் பிடிக்கிற தர்மராஜ் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“மடுவுல வலை போட்டேம்மா, காமிரா சிக்குச்சு. இத்துப்போயிருந்துச்சு. கார்டை மட்டும் உருவிக்கிட்டு அதைத் திரும்பத் தண்ணியிலயே போட்டுட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வரல.”

தண்ணீரில் கிடந்தாலும் கெடாது என்று வாங்கும்போதே அட்டையில் அச்சடித்திருந்தது. “நாம செத்தாலும் இது சாகாது வேணி” என்று சிரித்தான் நவநீதன். வாய்முகூர்த்தம் என்பார்களே, அப்படி ஆகிவிட்டது.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலைக்குப் போனாலும் முதல் படம் பிள்ளையார், கடைசிப் படம் தன் உள்ளங்கை. உள்ளங்கையை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் யார் கெஞ்சினாலும் ஒரு படம்கூட எடுக்கமாட்டான்.

மத்தியானம் மூன்று மணி. வெளியே கண்டக்டர் ஒருவர் ஸ்ரீரங்கத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வேணி கார்டை ரீடரில் செருகினாள். கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் இருந்தது. பிள்ளையார், மாலையும் கழுத்துமாக அந்த ஜோடி, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், கடைசியில் கோணலாகக் கொஞ்சம் வானம். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். உள்ளங்கை இல்லை. பாவி மனுஷன், வேலையை முடிக்காமலே போய்விட்டானே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போது ரீடரின் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

நானூற்றுப் பதிமூன்று.

பழுப்புத் தண்ணீர், அடியிலிருந்து அண்ணாந்து பார்த்த வெளிச்சம். கார்டு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். இன்றைய தேதி. நேரம், ஒரு நிமிஷத்துக்கு முன்னால். அடுத்தது, வெயிலில் காய்ந்த படித்துறையில் ஒரேயொரு ஈரக் காலடி. அதற்கடுத்தது, அம்மா மண்டபம் ரோட்டின் பூக்கடைகள். அத்தனை ஜனத்தில் ஒருவரும் காமிரா பக்கம் திரும்பவில்லை.

கார்டைப் பிடுங்கிவிடலாம் என்று கை ரீடர் வரை போயிற்று. ஆனால் விளக்கு சிமிட்டும்போது உருவினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான், நவநீதன் கைமேல் தட்டிச் சொல்லிக்கொடுத்தது. ஒன்பது மாதம் கழித்துக் கிடைத்தவன் அதற்குள் இருக்கிறான். எப்படி உருவுவாள்? கை தானாகத் திரும்பி வந்தது.

அடுத்த படத்தில் ஒரு தெருமுனை, இஸ்திரி வண்டி. அவர்கள் தெரு. அதற்கடுத்ததில் அவர்கள் வீட்டு கேட், அதில் சாய்த்து வைத்த குழந்தை சைக்கிள்.

அறிவுமதி.

ஏழு வயசு மகள். ஸ்கூல் லீவு. வீட்டில் தனியாகத் தூங்குகிறாள். மாடியில் குடியிருக்கும் பிரேமலதாதான் அவ்வப்போது பார்த்துக்கொள்வாள். வேணி அவளுக்குப் போன் போட்டாள்.

“பாப்பா தூங்குறா வேணி, இப்பதான் எட்டிப் பாத்துட்டு மேல வந்தேன். ஏன், கொழாயைத் தொறந்து விட்டுட்டுப் போயிட்டியா? மாடிப்படிகிட்ட ஒரே தண்ணி. பாசி நாத்தம் வேற.”

“அக்கா, கீழ போங்க. பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய போயிடுங்க.”

“என்ன சொல்ற? கேக்கல. தண்ணி எரைச்சலா இருக்கு...”

அதற்குமேல் போனில் தண்ணீர்ச் சத்தம்தான். காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்குப் போக, பறந்தாலும் இருபது நிமிஷம் ஆகும். திரையில் படங்கள் அரை நிமிஷத்துக்கு ஒன்றாக வந்தன.

கூடம்.

படுக்கையறைக் கதவு.

அறிவுமதி, ஒருக்களித்துத் தூங்குகிறாள்.

இன்னும் கிட்டத்தில். அவள் நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

அடுத்தது. கண் திறந்திருந்தது. சிரிக்கிறாள். காமிராவுக்குப் பின்னால் இருப்பவரைத் தெரிந்த சிரிப்பு.

வேணி கார்டை உருவினாள். கார்டு கையோடு வந்தது. விளக்கு சிமிட்டுவது நிற்கவில்லை. அவள் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்து மேசையில் பரவியது. என்னங்க, வேண்டாங்க, அவள வுட்டுடுங்க என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். கெஞ்சினாள். வேறென்ன செய்வாள்?

இன்னும் ஒரு படம் வந்தது. விளக்கு தானாகவே அணைந்தது.

உள்ளங்கை. வெளுத்து, ஊறி, ரேகைகள் அழிந்த உள்ளங்கை. நிச்சயதார்த்த மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. அதன்மேல் இன்னொரு சின்னக் கை, விரல் மடக்கி இறுகப் பிடித்திருந்தது. அந்தச் சின்ன விரல்களின் நுனியும் வெளுத்து ஊறியிருந்தது.