வெற்றுக் குழாயின் பதில்

குழாய்க்கு ஏது காது? ஒரு முனை அடைத்த, விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய். ஆனாலும் காது சோதிக்கும் கருவி 'தேறியது' என்று பச்சை விளக்கைக் காட்டியது.

செவிப் பரிசோதகி கருவியைக் கழற்றி மறுபடி செருகினாள்; மறுபடியும் பச்சை. நல்ல காது 'டிக்' என்ற ஒலியைக் கேட்டால் தானும் பொடியாக ஓர் ஒலியைத் திருப்பி அனுப்பும். அதைப் பிடிப்பதுதான் இந்தக் கருவியின் பிழைப்பு. அது சொல்வது எவ்வளவு சரி என்று மூளை அலைப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. தினமும் காலையில் கருவியை முதலில் இந்த வெற்றுக் குழாயில் வைத்துப் பார்க்க வேண்டும். பதில் வந்தால் கருவி பொய் சொல்கிறது. சோம்பல்பட்டு ஒரு மாதமாக அவள் அதைச் செய்யவேயில்லை; இன்றுதான் வைத்தாள்.

இருநூறு குழந்தைகளில் ஒன்றுதான் இடித்தது. கருவி தேறியது என்றது. மூளை அலையோ துளியும் கேட்கவில்லை என்றது. அது அவளுடைய அக்கா மகன். பிறந்து ஒன்பது நாள்.

"அறிக்கையில அந்தப் புள்ளையோட ஒரு வரிய தூக்கிடும்மா," என்றார் வாசலில் நின்ற பெரிய டாக்டர். "எல்லாம் சரியா வந்துடும்."

"சார், காது கேக்காத புள்ளைய கேக்குதுன்னு அனுப்பிட்டா, அதுக்குப் பேச்சே வராம போயிடும்."

"அக்கா புள்ளைன்னு உருகாத. சாயங்காலத்துக்குள்ள அறிக்கை வரல, நாளைக்கு அந்த நாற்காலியில வேற ஆளு."

கதவை அறைந்துவிட்டுப் போனார். மறுபரிசோதனைக்காகக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் தொட்டிலில் கிடத்தியிருந்த அந்தக் குழந்தை, தூக்கத்தில் இமைகூட அசைக்கவில்லை. 

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்த அறையில், நண்பகல் வெளிச்சமோ வார்டின் இரைச்சலோ எட்டாத ஸ்பிரிட் வாடைக்குள், அவள் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது. குழாயில் செருகியிருந்த கருவியின் 'டிக்' ஒலியை நிறுத்தினாள். கேள்வி நின்றால் பதிலும் நிற்க வேண்டும். திரையில் அலை எழுந்துகொண்டே இருந்தது. மின்கம்பியைப் பிடுங்கினாள். பேட்டரியையும் கழற்றினாள். திரை அணைந்தது.

டிக்.

கருவியிலிருந்து வரவில்லை. குழாயிலிருந்தும் இல்லை.

தொட்டிலிலிருந்து.

குனிந்தாள். பால் வாடை வீசும் அந்தச் சின்னக் காதோடு தன் காதை ஒட்ட வைத்தாள்.

டிக். ஓர் இடைவெளி. டிக். மறுபடி இடைவெளி. இத்தனை நாளாக அவள் குழந்தைகளின் காதுக்குள் அனுப்பிய அதே கணக்கு.

ஒவ்வோர் இடைவெளியிலும் அவள் காதுக்குள் ஏதோ குறுகுறுத்தது. பொடியாக ஓர் ஒலி பதிலாகக் கிளம்பி வெளியே போனது. அவளைக் கேட்காமலே.

தலையை இழுத்தாள். வரவில்லை.

ஒன்பது நாள் விரல்கள் அவள் காது மடலை இறுக்கிப் பிடித்திருந்தன. குழந்தையின் கண்கள் திறந்திருந்தன. அழவில்லை. அவள் திரையைப் பார்ப்பதைப் போலவே, பொறுமையாக அவளைப் பார்த்தான்.

நகம் தோலுக்குள் இறங்கியது.

டிக். இந்தத் தடவை இன்னும் உள்ளே.