முதல் நாள் கைகள்

மறதிப்பட்டையைப் பிடரியில் ஒட்டிக்கொண்டு சுடலைமணி தாங்குசட்டகத்துக்குள் நுழைந்தான். இரண்டு உலோகக் கரங்கள் அவன் முழங்கைகளைப் பற்றிக்கொண்டன. எடைக்கம்பி எந்தப் பாதையில் மேலே வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் சட்டகம் பார்த்துக்கொள்ளும். மூச்சைப் பிடித்து இழுப்பது மட்டும்தான் அவன் வேலை. நேற்றும் இதே எடையைத்தான் தூக்கினான். அவன் கைகளுக்கு அது தெரியாது. கம்பி என்ற ஒன்றை இன்றுதான் பார்ப்பதுபோல் அவை நடுங்கின.

எதிர்ச் சுவரில் அந்த வாசகம் ஒளிர்ந்தது: தினமும் முதல் நாள்.

மஸ்கட்டின் தொழிலாளர் குடியிருப்புகளில் இப்போது பட்டை இல்லாத உடற்பயிற்சிக் கூடமே கிடையாது. உடம்பு கஞ்சத்தனமானது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதைக் குறைந்த சக்தியில் முடிக்கக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டதும் தசை வளர்வதை நிறுத்திவிடும். இந்த நிலைக்குத் தேக்கம் என்று பெயர். முன்பெல்லாம் தேக்கத்தை உடைக்க உடம்பை ஏமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பியைப் பிடிக்கும் விதத்தை மாற்றுவார்கள். பயிற்சி வரிசையைத் தலைகீழாக்குவார்கள். எடையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். பயிற்சியாளர் வளன், தூத்துக்குடிக்காரர், இத்தனையையும் மணிக்குச் செய்து பார்த்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கை கொஞ்சம் பருத்தது, பிறகு நின்றுவிட்டது. பதினாலரை அங்குலத்தைத் தாண்டவே இல்லை.

பட்டை வந்த பிறகு எதையும் மாற்ற வேண்டியதில்லை. பயிற்சியில் கை கற்றுக்கொள்ளும் அசைவு நரம்பில் பதிவதற்கு முன்பே பட்டை அதைத் துடைத்துவிடும். மறுநாள் அதே பயிற்சி கைக்குப் புத்தம் புதிது. புதிதாக இருக்கும்வரை தசை வளரும். மணியின் கை பதினாறைத் தொட்டுவிட்டது.

பயிற்சி முடிந்து வெளியே வந்தவனிடம் வளன் தேநீர்க் குவளையை நீட்டினார். வாங்கி வாய்க்குக் கொண்டுபோனான். குவளை மோவாயில் இடித்துச் சட்டையெல்லாம் தேநீர்.

"டீய வாயால குடிக்கதே இல்லன்னு முடிவு பண்ணிட்டியா மக்கா?"

மணி சிரிக்கவில்லை. "அண்ணே, அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். அக்கா பிள்ளைக்குக் காது குத்து. மடியில வச்சுக்கிடணும்."

வளன் குவளையை அவனிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "அப்ப இன்னைக்கே பட்டையைக் கழத்து."

"கூடத்துல செய்யுதத மட்டும்தான அழிக்கும்னாவ?"

"கூடத்துல நீ என்ன செய்யுத? பாரத்த வச்சுக் கைய மடக்குத. அதத்தான் அழிக்கு. கம்பியத் தூக்குததும் பிள்ளையத் தூக்குததும் உன் முழங்கைக்கு ஒண்ணுதாம்டே. பட்டைக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?"

"கழத்தினா வளந்தது இறங்கிருமா?"

"இறங்காது. அங்கயே நின்னுரும்."

நின்றுவிடும் என்பதுதான் மணிக்கு உறைத்தது. அறைக்குப் போனதும் கைபேசியில் அக்கா இசக்கியின் குரல் காத்திருந்தது. "ஏல மணி, மண்டபத்து வாசல்ல அசைபதாகை வைக்கப் போறோம். நீ கம்பி தூக்குத மாதிரி படம் எடுத்து அனுப்புல. உங்க அத்தான் வீட்டு ஆளுவ எல்லாரும் வாராவ. ஆவுடையப்பன் மாமாவும் வாராரு."

ஆவுடையப்பன், அத்தான் சங்கரபாண்டியின் சித்தப்பா. அக்கா கல்யாணத்தன்று சீர் வண்டியிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கும்போது மணியின் கை நழுவிவிட்டது. அண்டா உருண்டுபோய்ப் பந்தக்காலில் முட்டி நின்றது. ஆவுடையப்பன் மணியைப் பார்த்துப் பந்தலே கேட்கும்படி சொன்னார்: "மாப்ள தோள்ல தொங்குதது கையா, முருங்கைக்காயா?" அக்காவும் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைத்தான் மணியால் மறக்க முடியவில்லை.

அவன் விரல்களுக்கு எழுத்துத் தட்டும் பழக்கம் போய் வாரங்கள் ஆகியிருந்தன. சொல்லெழுதியைத் தட்டிப் பேசினான். சொன்னதையெல்லாம் அது நிறுத்தமில்லாமல் எழுதிக்கொண்டே போனது: அக்கா கை சூப்பரா இருக்கு பதினேழு வந்துரும் பிள்ளைய ஒத்தக் கையில தூக்கிக்கிட்டு மண்டபத்தச் சுத்தி வாரேன்னு அவருகிட்ட சொல்லு.

பட்டையை அவன் கழற்றவில்லை. விமானம் ஏறும் அன்று கழற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

*

விமானம் ஏறும் அன்று பட்டையைக் கழற்றியபோது மணியின் கை பதினேழைத் தொட்டிருந்தது. தூத்துக்குடி விமான நிலைய வாசலில் இசக்கி ஓடிவந்து குழந்தையை நீட்டினாள். பதினொரு மாதக் குழந்தை மகிழினி. "இந்தா பாரு, உன் மாமா!"

மணியின் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. "பிளைட்டுல வந்த அழுக்குக்கா. குளிச்சிட்டு வாங்கிக்கிடுதேன்."

குளித்த பிறகு சளி பிடித்திருக்கிறது என்றான். சாயங்காலம் கைவலி என்றான். குழந்தை தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்தபோது ஏதோ அழைப்பு வந்ததுபோல் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். எதுவும் ஒலிக்கவில்லை என்பது இசக்கிக்குத் தெரியும்.

"ஏல, இவ மேல ஏதும் கோவமா?" என்று கேட்டாள். "அவிய வீட்டுல பேசுதாவ. பணங்காசு வந்ததும் மாமனுக்குப் பிள்ளையத் தொடவே பிடிக்கலன்னு."

"சே, என்னக்கா நீ."

அன்று கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு தலையணையை மடியில் வைத்துப் பார்த்தான். இடது கையை அணைவாக வளைக்க நினைத்தான். கை பாதியில் தொய்ந்தது, தலையணை சரிந்து தரையில் விழுந்தது. மறுபடி எடுத்து, இந்தமுறை விழவே கூடாது என்று நினைத்தான். கை முழு பலத்தோடு மடங்கியது. தையல் விட்டு இலவம்பஞ்சு அறையெங்கும் பறந்தது.

எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது கைக்குத் தெரியவில்லை. பலம் மட்டும் இருந்தது.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். அக்கா அடுப்படியில்தான் இருந்தாள். கதவைத் திறந்தவன், அத்தான் யாரிடமோ தொலைபேசியில் "எம் மச்சான் கையப் பாத்தா அசந்துருவீரு" என்று சொல்வதைக் கேட்டான். பஞ்சை அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான்.

*

மண்டபத்து வாசலில் மாடி உயரத்துக்கு நின்ற அசைபதாகையில் மணி கம்பியைத் தூக்கினான், இறக்கினான், மீண்டும் தூக்கினான். மேலே எழுத்துகள் மின்னின: தாய்மாமன் வருகை தருகிறார். உள்ளே மேடைக்குப் பின்னாலும் அதே படம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் நேராக வந்து அவன் புஜத்தைப் பிடித்து அமுக்கினார். "யப்பா! உலக்கையால்லா இருக்கு! ஏ சங்கரபாண்டி, உன் மச்சானப் பாத்தியாடே!"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எல்லாம். மணிக்குக் காது மடல் வரை சூடேறியது. இரண்டு நிமிடம் அவன் எல்லாவற்றையும் மறந்திருந்தான்.

பிறகு மேடையில் மனையைப் போட்டு அவனை உட்கார வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். சம்மணமிட்ட மடியில் இசக்கி மகிழினியை வைத்தாள். ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்தபடி சொன்னார்: "மாமா ஒரு கையால தலைய அசையாமப் பிடிச்சிக்கிடுங்க. இன்னொரு கையால பிள்ள கையச் சேத்துப் பிடிங்க. திமிறிச்சின்னா கம்பி கண்ணுல பட்டுரும்."

கம்பியைப் பார்த்ததும் குழந்தை உடம்பை வில்லாக வளைத்தது. மணியின் கை தொய்ந்தது. குழந்தை சரிந்தது. கூட்டத்தில் யாரோ "ஏ பாத்து!" என்றார்கள். விழக்கூடாது என்று மட்டும் அவன் நினைத்தான்.

கை குழந்தையைச் சுற்றி மடங்கியது.

மகிழினியின் அழுகை பாதியில் நின்றது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முகம் சிவந்து கருத்துக்கொண்டு வந்தது.

"விடுல!" இசக்கி அலறினாள். "ஏல மணி, விடுல!"

விடத்தான் பார்த்தான். இறுக்கியதைத் தளர்த்துவதும் ஒரு பழக்கம் என்பது அந்த நொடியில்தான் அவனுக்குத் தெரிந்தது. அவன் எவ்வளவு முயன்றும் கை அப்படியே இருந்தது. சங்கரபாண்டி பாய்ந்து வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். குழந்தை இழுத்து மூச்சு வாங்கி வீறிட்டபோதுதான் மண்டபம் மூச்சு விட்டது. சின்னக் கையில் நான்கு விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"கிறுக்குப் புடிச்சிருக்கால உனக்கு?" இசக்கி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

மேளம் நின்றிருந்தது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பின்னால் படத்திலிருந்த மணி கம்பியைத் தூக்கினான், இறக்கினான்.

"என் கைக்குப் பிள்ளையப் பிடிக்கத் தெரியலக்கா," என்றான். "மறந்து போச்சு. பட்டை போட்டு வளத்தேன். அது எல்லாத்தையும் அழிச்சிட்டு. தெரிஞ்சேதான் போட்டேன்."

"இதுக்கு முருங்கைக்காயே தேவலயேடே," என்றார் ஆவுடையப்பன். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. வேறு தாய்மாமன் கிடையாது. இசக்கி குழந்தையைச் சங்கரபாண்டியிடம் கொடுத்தாள். பிறகு அவன் தோளிலிருந்த துண்டை உருவினாள்.

"கையப் பின்னால கொண்டு போ."

"அக்கா..."

"கொண்டு போங்கேன்லா. மாமன் மடிதான் வேணும். கை வேண்டாம்."

அவள் முடிச்சைப் போட்டு இறுக்கினாள். பதினேழு அங்குலக் கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டன. மடியில் குழந்தையை வைத்து, அத்தான் எதிரே மண்டியிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். மேளம் கொட்டியது. ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடிக்கும்வரை மணி ஒரு நாற்காலியைப்போல் உட்கார்ந்திருந்தான். வலியில் துடித்த மகிழினி முகத்தைப் புதைக்க இடம் தேடி அவன் சட்டையில்தான் புதைத்துக்கொண்டாள். தட்டிக்கொடுக்க அவனிடம் கை இல்லை. தலையைக் குனிந்து அவள் உச்சியில் கன்னத்தை வைக்கப் போனான், அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டான். கழுத்தும் கூடத்தில் பயிற்சி செய்ததுதான்.

*

மறுநாள் வளனைக் கூப்பிட்டான்.

"எப்பண்ணே சரியாவும்?"

"பொறந்த பிள்ளைக்கு எவ்வளவு நாளாவும்? அப்படித்தான் மக்கா. ஒரே வேலைய ஒரே மாதிரி, மாத்தாம செஞ்சிக்கிட்டே இரு. கை சலிச்சுப் போணும். அதுக்குப் பழகிப் போணும்."

"தேக்கம் வரணும்."

"ஆமா. வரணும்."

இசக்கி பாயை விரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து அவள் அவனிடம் பேசவில்லை. குழந்தையின் கையில் தடம் நீலமாகியிருந்தது. எண்ணெய் தடவிவிட்டு, பழைய போர்வை ஒன்றைச் சுருட்டிக் கயிறு கட்டி அவன் முன்னால் போட்டாள்.

"இத வச்சுப் பழகு. பிள்ளையத் தர மாட்டேன்."

"சரிக்கா."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லல."

"பதினேழு வேணும்னு இருந்துச்சு."

அவள் அந்தக் கையை ஒருமுறை பார்த்தாள். கல்யாணத்தன்று குனிந்ததைப்போலவே தலையைக் குனிந்துகொண்டாள். இந்தமுறை அவள் அடக்கியது சிரிப்பை அல்ல.

மணி சுருட்டிய போர்வையைத் தூக்கினான். விழுந்தது. அதே மாதிரி மறுபடி தூக்கினான். விழுந்தது. வலது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு இடது கையால் மட்டும் முயன்றான். ஊன்றிய கையை நோக்கி மகிழினி தவழ்ந்து வந்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். நேற்று நடந்தது எதுவும் அவள் நினைவில் இல்லை போலிருந்தது. தூணைப் பிடிப்பதுபோல் அந்தப் பருத்த கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிறகு கையை விட்டாள். ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி.

"ஏ யம்மா," என்றாள் இசக்கி, தன்னை மறந்து. "நேத்து காலையில ஒரு அடிதாம்ல வச்சா. இன்னைக்கு ரெண்டு!"

மகிழினி பொத்தென்று உட்கார்ந்து, தன் கைகளைத் தானே தட்டிக்கொண்டாள்.

மணி போர்வையைத் தூக்கினான். அவன் கைக்கு இன்னும் அதுதான் முதல் தடவை.